மல்லாட்டைக் கொல்லை மண்ணில் 42 பூஞ்சைகள்: பெயர் எழுதுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

#1 ஈரமண்

அனைவருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன்.

விழுப்புரம் பக்கத்து மல்லாட்டைக் கொல்லை (நிலக்கடலை வயல்) மண். ஐந்து இடங்களில் 0–15 செ.மீ. ஆழத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்தது. 10 கிராம் மண்ணை 90 மி.லி. கிருமிநீக்கிய நீரில் குலுக்கி, 1:1000, 1:10,000 நீர்த்தல்களில் 0.1 மி.லி. வீதம் பிடிஏ (உருளைக்கிழங்குச் சாறு, சர்க்கரை, அகார் ஊடகம்) தட்டில் பரப்பினேன். 42 தனி வளர்ப்புகள் கிடைத்தன. தட்டில் தெரிந்த நிறத்தையும், ஊசியால் எடுத்துக் காட்டன் புளூ சாயத்தில் பார்த்ததையும் வைத்து இப்படிப் பிரித்திருக்கிறேன்: ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் 14, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் 6, பென்சிலியம் 9, டிரைக்கோடெர்மா 4, ஃபுசேரியம் 3, குர்வுலேரியா 1. மீதி 5 வெறும் வெள்ளை இழை, வித்தே இல்லை.

கேள்விகள்: சிற்றினப் பெயர்களை இப்படியே எழுதலாமா? 42-ஐயும் டிஎன்ஏ வரிசைக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? தட்டில் எண்ணிய காலனிகளிலிருந்து பல்வகைமைக் குறியீடு கணக்கிடலாமா? அந்த ஐந்து வெள்ளைகளை என்ன செய்வது?

#2 ஜீன்வரி

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஆம், அனுப்பிவிடுங்கள். பூஞ்சைகளுக்குப் பொதுவான டிஎன்ஏ அடையாளப் பட்டையாக ஐடிஎஸ் பகுதியை 2012-லேயே முன்மொழிந்துவிட்டார்கள். ஐடிஎஸ்1, ஐடிஎஸ்4 பிரைமர்கள் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) 1990 முதல் புழக்கத்தில் இருப்பவை. பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) 55 டிகிரியில் ஒட்டவிட்டு 35 சுற்று ஓட்டினால் பெரும்பாலான அஸ்கோமைசீட்டுகளில் 500 முதல் 700 கார இணை நீளத்தில் ஜெல்லில் ஒரு பட்டை வரும். வரிசையை வாங்கிப் பிளாஸ்டில் (பொதுத் தரவோடு வரிசையை ஒப்பிடும் தேடல்) போட்டால் பெயர் வந்துவிடும். நுண்ணோக்கியில் மாதக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை.

#3 கொனிடியா

ஜீன்வரி சொல்வதில் பாதிதான் சரி. இந்தப் பட்டியலைப் பொறுத்தவரை மீதிப் பாதிதான் முக்கியம்.

முதலில் 14 "நைகர்". கறுப்பு ஆஸ்பெர்ஜில்லஸ் என்பது ஒரு பெரிய கூட்டம். நைகர், டியூபிஞ்சென்சிஸ், பிரேசிலியென்சிஸ் எல்லாம் தட்டில் ஒரே கறுப்பு. இவற்றை ஐடிஎஸ் தெளிவாகப் பிரிக்காது. கால்மாடுலின் மரபணு வேண்டும். டிரைக்கோடெர்மாவிலும் ஐடிஎஸ் பல சமயம் சிற்றினக் கூட்டத்தோடு நின்றுவிடும். டெஃப்1, ஆர்பிபி2 மரபணுக்கள் வேண்டும். ஃபுசேரியத்துக்கும் டெஃப்1. ஆகவே 42-க்கும் ஐடிஎஸ் அனுப்பினால், பாதிக்கு மேல் பேரினம் வரைதான் உறுதியாகச் சொல்ல முடியும். பேரினம் தெரிய ஒரு நல்ல ஸ்லைடு போதும்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆய்வேட்டின் நோக்கம் பெயர்ப் பட்டியல் போடுவது மட்டுமா, அந்த உயிர் எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொள்வதா? வித்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பது ஒன்று. எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பது வேறொன்று. 1953-ல் பூஞ்சையியலாளர் ஸ்டான்லி ஹ்யூஸ் கொனிடியம் (பாலிலா வித்து) உருவாகும் விதத்தை வைத்து ஹைஃபோமைசீட்டுகளை (இழையில் நேராக வித்து தரும் பூஞ்சைகளை) அடுக்கிக் காட்டினார். அதுவரை நிறம், வடிவம், குறுக்குச்சுவர் எண்ணிக்கை என்றுதான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சி. வி. சுப்ரமணியன் பல பத்தாண்டுகள் உழைத்ததும் இந்த வழியில்தான். இந்திய ஹைஃபோமைசீட்டுகளுக்கு இன்றும் முதலில் புரட்டுவது அவர் 1971-ல் தொகுத்ததைத்தான். நம் ஊர் மண்ணிலேயே வேரூன்றிய பாடம் இது. விட்டுவிடாதீர்கள்.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

ஃபியாலைடு: குடுவை போன்ற செல். கழுத்து வழியாக ஒன்றன்பின் ஒன்றாகக் கொனிடியம் வெளியே வரும். எத்தனை வந்தாலும் செல்லின் நீளம் மாறாது. சங்கிலியில் நுனியில் இருப்பது மூத்தது, கழுத்தை ஒட்டி இருப்பது இளையது. பென்சிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ், டிரைக்கோடெர்மா, ஃபுசேரியம் எல்லாம் இந்த வகை.

அன்னெலைடு: ஒவ்வொரு கொனிடியம் உதிரும்போதும் செல் கொஞ்சம் நீண்டு, ஒரு வளையத் தழும்பு விழும். பத்து உதிர்ந்தால் பத்து வளையம். வெளிப்பார்வைக்கு ஃபியாலைடு போலவே இருக்கும். மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

துளைவழிக் கொனிடியம்: தண்டின் சுவரில் நுண்துளை வழியாக உட்சுவர் பிதுங்கி வரும். உங்கள் குர்வுலேரியா இப்படித்தான். ஆல்டர்னேரியாவும்.

இழையே துண்டுதுண்டாக உடைந்து வித்தாவது: ஜியோட்ரைக்கம்.

ஊசியால் கிள்ளி எடுத்த துண்டில் இவை எதுவும் தெரியாது. சங்கிலி எல்லாம் உதிர்ந்து, ஊடகத்தோடு குழம்பிக் கிடக்கும். ஸ்லைடு வளர்ப்பு போடுங்கள்.

#4 ஈரமண்

நன்றி. ஸ்லைடு வளர்ப்பு இரண்டு முறை முயன்றேன். முதல் முறை அகார் துண்டு காய்ந்துவிட்டது. இரண்டாம் முறை ஏழு நாள் வைத்தேன். ஆஸ்பெர்ஜில்லஸில் கறுப்புக் குவியல் மட்டும்தான் தெரிகிறது, கீழே ஒன்றும் தெரியவில்லை.

#5 நுண்கண்

இரண்டுக்கும் தீர்வு எளிது.

காய்ந்ததற்குக் காரணம் பெட்ரித் தட்டின் அடியில் ஈரம் போதாதது. வடிதாளை வெறும் நீரில் நனைக்காமல் 10–20 சத கிளிசராலில் நனையுங்கள். ஈரம் நாள்கணக்கில் நிற்கும். கண்ணாடியில் நீர்த்திவலை கோக்காது. திவலை விழுந்தால் சங்கிலிகள் ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும்.

முறை: வடிதாள் மேல் வளைந்த கண்ணாடிக் குழல், அதன் மேல் ஸ்லைடு. தட்டை முழுசாகக் கிருமிநீக்குங்கள். அகாரைத் தட்டில் மெல்லியதாக, 2 மி.மீ. அளவுக்கு ஊற்றி உறையவிட்டு, 8–10 மி.மீ. சதுரமாக வெட்டி ஸ்லைடில் வையுங்கள். தடிமன் கூடினால் கண்ணாடித்தகடு சரியும். சதுரத்தின் நான்கு பக்கமும் நடுவில் ஊசி முனையளவு மட்டும் வித்தைத் தொட்டு வையுங்கள். மேல் பரப்பில் வைக்காதீர்கள். மேலே கண்ணாடித்தகட்டை லேசாக அழுத்துங்கள். 25 டிகிரி.

எடுக்கும் நாள்தான் முக்கியம். ஆஸ்பெர்ஜில்லஸ், பென்சிலியத்துக்கு இரண்டாம் நாள் முதல் தினமும் தட்டைத் திறக்காமல் 10 மடங்கில் பாருங்கள். வெள்ளைத் தலை நிறம் மாறத் தொடங்கியதும் ஒன்றை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் வெசிகிள் (தண்டின் உப்பிய நுனி), மெட்டுலா (ஃபியாலைடைத் தாங்கும் செல்), ஃபியாலைடு மூன்றும் தெளிவாகத் தெரியும். ஏழாம் நாள் என்பது பிந்திப்போன நாள். ஒவ்வொரு வளர்ப்புக்கும் மூன்று ஸ்லைடு போட்டால் 2, 4, 6-ஆம் நாள்களில் எடுக்கலாம்.

எடுத்ததும் கண்ணாடித்தகட்டின் மேல் ஒரு துளி 70 சத ஆல்கஹால் விட்டு, அது ஆவியாகும் முன் ஏற்றுதிரவத்தில் கவிழ்த்துங்கள். ஆல்கஹால் இரண்டு வேலை செய்யும்: உதிர்ந்த வித்துகளை அடித்துக்கொண்டு போகும், காற்றுக் குமிழியையும் தவிர்க்கும்.

ஏற்றுதிரவமான லாக்டோஃபீனால் காட்டன் புளூவின் அளவு: ஃபீனால் 20 கிராம், லாக்டிக் அமிலம் 20 மி.லி., கிளிசரால் 40 மி.லி., நீர் 20 மி.லி., காட்டன் புளூ 0.05 கிராம். ஃபீனால் தோலைச் சுடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முடிந்தால் ஃபீனாலை விட்டுவிட்டு லாக்டிக் அமிலத்தில் மட்டும் ஏற்றுங்கள். குர்வுலேரியா போன்ற கரும்பழுப்புப் பூஞ்சைகளுக்குச் சாயமே வேண்டாம். நீலம் ஏற்றினால் சுவரின் இயல்பு நிறமும் மேற்பரப்புச் சொரசொரப்பும் மறைந்துவிடும்.

அளவெடுப்பில் ஒன்று: கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் தனித்தனியாக மேடை அளவுகோலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேடை அளவுகோலில் ஒரு சிறு பிரிவு 10 மைக்ரான். குறைந்தது 30 கொனிடியம் அளந்து, சிறியது, பெரியது, சராசரி மூன்றையும் எழுதுங்கள். எந்தத் திரவத்தில் ஏற்றி அளந்தது என்பதையும் குறியுங்கள். நீரில் உப்புவதும் லாக்டிக் அமிலத்தில் சுருங்குவதும் உண்டு.

#6 வித்துப்பை

பிடிஏவில் பார்த்த நிறத்தை வைத்து ஆஸ்பெர்ஜில்லஸும் பென்சிலியமும் இனங்காணக் கூடாது. உருளைக்கிழங்கு ஒவ்வொரு முறையும் ஒரே கிழங்கா? சாறு மாறும், நிறம் மாறும். ஒப்பிட வேண்டுமானால் எல்லோரும் பயன்படுத்தும் ஊடகம் வேண்டும்: ஈஸ்ட் சாறு சேர்த்த சாப்பெக் அகார், மால்ட் சாறு அகார். 25 டிகிரி, இருட்டில், ஏழு நாள். சாப்பெக்கில் இன்னொரு தட்டு 37 டிகிரியில்.

சாப்பெக் ஈஸ்ட் அகார் ஒரு லிட்டருக்கு: டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், சாப்பெக் அடர்கரைசல் 10 மி.லி., ஈஸ்ட் சாறு 5 கிராம், சர்க்கரை 30 கிராம், அகார் 15 கிராம். அதோடு நுண்சத்துக் கரைசல் 1 மி.லி. 100 மி.லி. நீரில் துத்தநாக சல்பேட் 1 கிராம், தாமிர சல்பேட் 0.5 கிராம் கரைத்தால் அந்தக் கரைசல் தயார். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தாமிரமும் துத்தநாகமும் குறைந்தால் பென்சிலியத்தின் பச்சை வெளுத்துப்போகும். நூலில் "அடர்பச்சை" என்றிருக்கும், உங்கள் தட்டில் மஞ்சள் கலந்த வெளிர்நிறம் இருக்கும். பிறகு புதிய சிற்றினம் கிடைத்துவிட்டது என்று மயங்கத் தோன்றும்.

வித்தை உலர்ந்த ஊசியில் எடுத்து வைத்தால் வழியெல்லாம் உதிர்ந்து தட்டு முழுக்கக் குட்டிக் காலனிகள் முளைக்கும். 0.2 சத அகார், 0.05 சத ட்வீன் 80 கலந்த அரைத்திடத் திரவம் அரை மி.லி. எடுத்து, வித்தை அதில் கலக்கி, தட்டில் மூன்று புள்ளியில் வையுங்கள். தட்டை பாராஃபிலிமால் இறுகச் சுற்றாதீர்கள். காற்று அடைபட்டால் வித்தாக்கம் குறையும், நிறமும் மாறும்.

மல்லாட்டைக் கொல்லை என்பதால் அந்த ஆறு ஃப்ளேவஸ்தான் இந்த ஆய்வின் உயிர்நாடி. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு விஷயம். ஃப்ளேவஸ், பாராசிட்டிகஸ் இரண்டுக்குமென்றே ஓர் ஊடகம் உண்டு. அதில் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் இருக்கும். 30 டிகிரியில் 42 முதல் 48 மணி நேரத்தில் தட்டின் பின்புறம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் வரும். அந்தப் பூஞ்சை சுரக்கும் ஆஸ்பெர்ஜில்லிக் அமிலம் இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. இரண்டையும் பிரிக்க ஸ்லைடு வேண்டும். பாராசிட்டிகஸில் பெரும்பாலும் மெட்டுலா இருக்காது, வெசிகிளில் நேராக ஃபியாலைடு. கொனிடியம் நன்றாகச் சொரசொரப்பு. ஃப்ளேவஸில் மெட்டுலா உள்ள தலைகள் கலந்து வரும், கொனிடியத்தின் சொரசொரப்பும் குறைவு. இன்னொரு எச்சரிக்கை: ஆரஞ்சு வந்தது என்றால் நஞ்சு சுரக்கிறது என்று அர்த்தமில்லை. ஃப்ளேவஸில் அஃப்ளாடாக்சின் சுரக்காத வளர்ப்புகள் நிறைய உண்டு. அதை எழுத வேண்டுமானால் நஞ்சைத் தனியாகப் பிரித்தெடுத்து மெல்படல வண்ணப்பிரிகையாவது செய்திருக்க வேண்டும்.

ஃபுசேரியம் மூன்றையும் பிடிஏவில் மாற்றி மாற்றி வளர்க்காதீர்கள். சர்க்கரை மிகுந்த ஊடகத்தில் சீக்கிரம் திரிந்துபோய் வழுவழுப்பாகிவிடும், பெரிய கொனிடியத்தின் வடிவமும் கெடும். சத்துக் குறைந்த ஊடகம் வையுங்கள்: பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1, பொட்டாசியம் நைட்ரேட் 1, மெக்னீசியம் சல்பேட் 0.5, பொட்டாசியம் குளோரைடு 0.5, குளுக்கோஸ் 0.2, சர்க்கரை 0.2, அகார் 20, எல்லாம் கிராமில், ஒரு லிட்டருக்கு. மேலே கிருமிநீக்கிய வடிதாள் துண்டு ஒன்று. குட்டை ஃபியாலைடில் சிறு கொனிடியங்கள் பொய்த்தலையாகத் திரண்டிருந்தால் ஆக்சிஸ்போரம் பக்கம் போங்கள். ஃபியாலைடு நீளமாக இருந்தால் சோலானி. சங்கிலியாக இருந்தால் வெர்டிசிலியாய்டிஸ் கூட்டம். சங்கிலியைப் பார்க்கத் தட்டை அப்படியே நுண்ணோக்கி அடியில் வையுங்கள். நீர் பட்டால் சங்கிலி கலைந்துவிடும்.

#7 தூவி

இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே வேலைதான். டிரைக்கோடெர்மா தட்டு முழுக்கப் பரவி மற்றதை விழுங்கிவிடுகிறது, பாக்டீரியா தொல்லை வேறு. ரோஸ் பெங்கால் அகார் செய்து, ஸ்ட்ரெப்டோமைசினையும் சேர்த்தே ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்து, தட்டுகளைச் சன்னல் ஓரம் வைத்திருக்கிறேன். இப்போது எதுவுமே சரியாக வளரவில்லை.

#8 நுண்கண்

இரண்டு தவறு நடந்திருக்கிறது.

ரோஸ் பெங்கால் வெளிச்சத்தில் சிதைந்து, பூஞ்சைக்கே நஞ்சாகும் பொருள்களைத் தரும். ஊற்றியதிலிருந்து எண்ணும் வரை தட்டு இருட்டில்தான் இருக்க வேண்டும். கறுப்புத் தாளில் சுற்றி வையுங்கள். சன்னல் ஓரத் தட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின் ஆட்டோகிளேவின் சூட்டைத் தாங்காது. வடிகட்டிக் கிருமிநீக்கி, ஊடகம் 45–50 டிகிரிக்கு ஆறியதும் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 30 மி.கி. ரோஸ் பெங்கால் 33 மி.கி. குளோராம்ஃபெனிக்கால் என்றால் ஊடகத்தோடு சேர்த்து ஆட்டோகிளேவ் செய்யலாம், லிட்டருக்கு 100 மி.கி.

அமிலம் சேர்த்துப் பாக்டீரியாவை அடக்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பிஎச் 3.5 ஆக்கிவிட்டு ஆட்டோகிளேவில் வைத்தால் அகார் சிதைந்துபோகும். தட்டு உறையாது, கூழாகவே கிடக்கும். கொதித்து ஆறிய பிறகு லாக்டிக் அமிலம் சேருங்கள்.

#9 கொனிடியா

பல்வகைமைக் குறியீட்டுக் கேள்வியை யாரும் தொடவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

கணக்கு எளிது. 1:1000 நீர்த்தலில் 0.1 மி.லி. பரப்பி, தட்டுக்குச் சராசரி 36 காலனி வந்தால், 36 × 1000 ÷ 0.1 = 3,60,000. இது ஒரு கிராம் ஈரமண்ணுக்கு. மண்ணில் 20 சத ஈரம் இருந்தால் 0.8-ஆல் வகுங்கள்: 4,50,000, ஒரு கிராம் உலர்மண்ணுக்கு. ஈரத்தைக் கழிக்காமல் எழுதிய அட்டவணையை வேறு மண்ணோடு ஒப்பிட முடியாது.

ஆனால் இந்த எண் எதை எண்ணுகிறது? பாக்டீரியாவில் ஒரு காலனி என்றால் தோராயமாக ஒரு செல். பூஞ்சையில் அப்படியில்லை. பென்சிலியத்தின் ஒரு சின்னத் திட்டு ஆயிரக்கணக்கில் கொனிடியம் உதிர்க்கும்; குலுக்கியதும் ஒவ்வொன்றும் ஒரு காலனி. பக்கத்தில் சாண் நீளத்துக்கு ஓடி மக்கைத் தின்றுகொண்டிருக்கும் வித்தில்லா இழை, வண்டலோடு குடுவையின் அடியில் தங்கிவிடும். நீங்கள் அதை எண்ணவே இல்லை. உங்கள் பட்டியலில் ஆஸ்பெர்ஜில்லஸும் பென்சிலியமும் சேர்ந்து 29 இருப்பது மண்ணின் குணமா, முறையின் குணமா? நீர்த்தல் முறை வித்துமழை பொழிபவர்களுக்கே சாதகம். அதை வைத்து ஷானன் பல்வகைமைக் குறியீடு போட்டால், வித்துகளின் எண்ணிக்கையைச் சமுதாயம் என்று எழுதியதாகிவிடும்.

நேரம் இருந்தால் இன்னும் இரண்டு முறையைச் சேருங்கள். ஒன்று, வார்கப் 1950-ல் சொன்ன மண்தட்டு முறை: 5 முதல் 15 மி.கி. மண்ணைத் தட்டிலேயே ஒரு துளி நீரில் கலைத்து, மேலே ஆறிய அகாரை ஊற்றுவது. வண்டல் வீணாகாது. இன்னொன்று கழுவல் முறை: மண்துகள்களைச் சல்லடையில் வைத்துக் கிருமிநீக்கிய நீரில் இருபது முப்பது முறை கழுவி, வித்தெல்லாம் போன பிறகு துகளைத் தட்டில் வைப்பது. அதில் முளைப்பது பெரும்பாலும் துகளுக்குள் இழையாகவே வாழ்ந்தது. கடைசிக் கழுவல் நீரையும் ஒரு தட்டில் ஊற்றிப் பாருங்கள். அதில் ஏதும் முளைக்கவில்லை என்றால்தான் கழுவியது போதும்.

ஐந்து வெள்ளைகளுக்கு: பட்டினி போடுங்கள். பூஞ்சை வயிறு நிறைந்தால் இழையாகவே ஓடும், சோறு குறைந்தால்தான் வித்து. ஓட்ஸ் அகார், வெறும் நீர் அகாரில் கிருமிநீக்கிய வைக்கோல் துண்டு, அருகு புறஊதா விளக்கில் 12 மணி வெளிச்சம் 12 மணி இருட்டு, மூன்று நான்கு வாரம். மல்லாட்டைத் தோல் துண்டையும் வைத்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் இழையில் கொக்கி இணைப்பு (குறுக்குச்சுவர் அருகே கொக்கி போன்ற வளைவு) இருக்கிறதா பாருங்கள். 10 சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஃப்ளாக்சின் சாயம் சேர்த்தால் தெளிவாகத் தெரியும். இருந்தால் அது பசிடியோமைசீட் (காளான்கள் சேர்ந்த கூட்டம்). இந்த ஐந்துக்கு டிஎன்ஏ வரிசைதான் வழி. முதலில் ஐடிஎஸ் அனுப்ப வேண்டியது இவற்றைத்தான், அந்தப் 14 கறுப்பை அல்ல.

#10 ஈரமண்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஸ்லைடுகள் அருமையாக வந்தன.

வெள்ளைகள் ஐந்துக்கும், சந்தேகமான வளர்ப்பு 17-க்கும் டிஎன்ஏ எடுத்தேன். 17 என் பட்டியலில் பென்சிலியம். தூரிகை போன்ற தலை, நீண்ட சங்கிலி. ஆனால் காலனி பச்சையே ஆகவில்லை. சந்தனநிறத்தில், கோதுமைமாவு தூவினாற்போல இருக்கிறது. ஐடிஎஸ் வரிசை வந்துவிட்டது, பிளாஸ்டில் பென்சிலியம் 99 சதம் என்கிறது. ஆகவே நிறம் மாறிய பென்சிலியம் என்று எழுதிவிடலாமா?

ஒரு சிக்கல்: ஜெல்லில் நீர்க்கட்டுப்பாட்டுக் குழாயிலும் மெல்லியதாக ஒரு பட்டை தெரிந்தது. வெள்ளைகளில் இரண்டில் பட்டையே இல்லை.

#11 ஜீன்வரி

நிறுத்துங்கள். நீர்க்கட்டுப்பாட்டில் பட்டை வந்த ஓட்டத்திலிருந்து எதையும் எழுதக் கூடாது. டிஎன்ஏ சேர்க்காத குழாயில் பூஞ்சை ஐடிஎஸ் பெருகியிருக்கிறது என்றால், நீரிலோ பிரைமரிலோ காற்றிலோ பூஞ்சை டிஎன்ஏ இருக்கிறது. பூஞ்சை ஆய்வகத்துக் காற்றில் முதலில் இருப்பது பென்சிலியம் வித்துதான். 17-இன் சொந்த டிஎன்ஏ சரியாக வராமல் போயிருந்தால், அந்த மாசுதான் பெருகி உங்களுக்கு 99 சதம் காட்டியிருக்கும். #2-ல் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்: வரிசையும் ஸ்லைடும் ஒத்துப்போனால்தான் பெயர்.

மறுபடி செய்யுங்கள். நீர், பஃபர், பிரைமர், எல்லாவற்றையும் புதிதாகப் பிரித்து எடுங்கள். பிசிஆர் கலவையை வளர்ப்புகள் திறக்கும் அறையில் சேர்க்காதீர்கள். டிஎன்ஏ எடுக்கும்போதும் மண்ணோ வளர்ப்போ சேர்க்காத ஒரு வெற்றுக் குழாயை ஆரம்பம் முதல் கூடவே கொண்டுவாருங்கள். மாசு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று அது காட்டிக்கொடுக்கும்.

டிஎன்ஏ பிரித்தெடுக்கும் சிடிஏபி பஃபர்: சிடிஏபி 2 சதம், டிரிஸ் 100 மில்லிமோலார் பிஎச் 8, ஈடிடிஏ 20 மில்லிமோலார், உப்பு 1.4 மோலார், பயன்படுத்தும்போது மெர்காப்டோஎத்தனால் 0.2 சதம். 65 டிகிரியில் ஒரு மணி. குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1. வித்து நிறைந்த காலனியைச் சுரண்டாதீர்கள். திரவ ஊடகத்தில் இரண்டு மூன்று நாள் வளர்த்த இளம் இழையை எடுங்கள். வித்தின் சுவர் உடைய மறுக்கும், நிறமி வேறு கூட வரும்.

பட்டை வராத இரண்டுக்கு: டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். 1:10, 1:50 என்று நீர்த்துப் போடுங்கள். பெரும்பாலும் டிஎன்ஏ இருக்கும், அதோடு வந்த மெலனினும் பாலிசாக்கரைடும் நொதியைத் தடுத்துக்கொண்டிருக்கும். மாட்டுச் சீர ஆல்புமின் சேர்ப்பதும் உதவும்.

வரிசை வந்ததும் இருபுறமும் படியுங்கள், வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு முகடு தொடர்ந்து வந்தால் வளர்ப்பு கலப்பு. பிளாஸ்டில் முதல் வரியை நம்பாதீர்கள். பொதுத் தரவில் தவறான பெயரோடு ஏற்றிய பூஞ்சை வரிசைகள் நிறைய. மூலமாதிரிகளின் (சிற்றினப் பெயருக்கு ஆதாரமாக வைத்த மாதிரிகளின்) வரிசைகளுக்கு மட்டும் தேடலைச் சுருக்கும் வசதி அங்கேயே உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள்.

#12 கொனிடியா

17 பென்சிலியம் அல்ல என்றே தோன்றுகிறது. பச்சையே ஆகாத, சந்தனநிற மாவுக் காலனி, தூரிகைத் தலை என்றதும் நினைவுக்கு வருவது ஸ்கோபுலேரியாப்சிஸ். எண்ணெய்வில்லையில் நான்கைப் பாருங்கள்.

கொனிடியத்தின் அளவு: பென்சிலியத்தில் பெரும்பாலும் 2.5–4 மைக்ரான். ஸ்கோபுலேரியாப்சிஸ் பிரெவிகாலிஸில் 5–8.

அடிப்பகுதி: பென்சிலியம் உருண்டை. ஸ்கோபுலேரியாப்சிஸில் அடி தட்டையாக வெட்டியதுபோல இருக்கும்.

சுவர்: ஸ்கோபுலேரியாப்சிஸின் முதிர்ந்த கொனிடியத்தில் தடிப்பும் சொரசொரப்பும்.

கொனிடியம் பிறக்கும் செல்: ஒரே தூரிகையில் செல்கள் நீளத்தில் வேறுபடுகின்றனவா? வித்து அதிகம் உதிர்த்தது நீண்டிருக்கும். வளையத் தழும்பு எண்ணெய்வில்லையிலும் மங்கலாகத்தான் தெரியும். தெரியவில்லை என்று விட்டுவிடாமல் இளம் செல்லையும் முதிர்ந்த செல்லையும் அளந்து ஒப்பிடுங்கள். முன்பு சொன்ன அன்னெலைடு இதுதான்.

முகர்ந்து பார்க்க வேண்டாம். ஆர்செனிக் சேர்ந்த பொருளில் வளர்ந்தால் பூண்டு நாற்றமுள்ள நச்சு வாயுவை விடும் பூஞ்சை என்று பெயர்பெற்றது இது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுவர்த்தாளின் ஆர்செனிக் பச்சைச் சாயத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டது. நகத் தொற்றும் ஏற்படுத்தும். கிடைமட்டக் காற்றோட்ட மேசை வித்தை நேரே உங்கள் முகத்தில் அடிக்கும். இரண்டாம் வகை உயிர்ப்பாதுகாப்புப் பெட்டியில் திறங்கள். 37 டிகிரியில் செழிக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் எதையும் அப்படித்தான் கையாள வேண்டும்.

#13 ஈரமண்

பார்த்தேன். 30 கொனிடியம், லாக்டிக் அமிலத்தில்: 5.5–7.5 மைக்ரான், சராசரி 6.4. அடி தட்டை. இரண்டாம் நாள் ஸ்லைடில் செல் நீளம் 9–12, ஆறாம் நாள் ஸ்லைடில் 11–21. நுனியில் இரண்டு செல்லில் மட்டும் வளையம்போலத் தெரிந்தது.

டிஎன்ஏவும் புதிதாக எடுத்தேன். நீர்க்குழாயும் வெற்றுக்குழாயும் சுத்தம். இம்முறை 17-இன் வரிசை மூலமாதிரித் தேடலில் ஸ்கோபுலேரியாப்சிஸ் பிரெவிகாலிஸ். 1:50-ல் மீதி இரண்டு வெள்ளைக்கும் பட்டை வந்துவிட்டது. ஒன்றில் கொக்கி இணைப்பும் இருக்கிறது.

அட்டவணையில் எப்படி எழுதுவது?

#14 வித்துப்பை

17-க்கு முழுப் பெயர் எழுதலாம், அளவும் வரிசையும் இரண்டும் இருக்கின்றன. 14 கறுப்புக்கு "ஆஸ்பெர்ஜில்லஸ், நைகர் பிரிவு" என்று மட்டும். மெட்டுலா இல்லாத தலை ஏதாவது இருந்தால் அதைத் தனியாக எடுங்கள், அது ஜப்பானிகஸ், அக்குலியேட்டஸ் பக்கம். கால்மாடுலின் செய்தால் மட்டும் சிற்றினம். ஆரஞ்சு வந்து, தலையும் கொனிடியமும் பார்த்த ஃப்ளேவஸுக்குப் பெயர் எழுதலாம். டிரைக்கோடெர்மாவைப் பேரினத்தோடு நிறுத்துங்கள்.

பழைய பெயர்கள் கவனம். 2011 மெல்போர்ன் மாநாட்டுக்குப் பிறகு ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர்; 2013 சனவரி 1 முதல் பாலினநிலைக்கு ஒன்று, பாலிலாநிலைக்கு ஒன்று என்ற இரட்டைப் பெயர் இல்லை. எமெரிசெல்லா நிடுலன்ஸ் என்று நூலில் இருப்பதை ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்று எழுதுங்கள். பேசிலோமைசிஸ் லைலாசினஸ் இப்போது பர்பூரியோசிலியம். சமச்சீர் இரட்டை அடுக்குத் தூரிகையும் ஈட்டி போன்ற மெல்லிய ஃபியாலைடும் உள்ள "பென்சிலியம்" பல டாலரோமைசிஸுக்குப் போய்விட்டன. உங்கள் மீதி எட்டையும் அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். டியூட்டரோமைசீட்ஸ் என்ற வகுப்பும் இன்று இல்லை. பாடத்திட்டத்தில் இருந்தால் தேர்வில் எழுதுங்கள், ஆய்வேட்டின் வகைப்பாட்டில் வேண்டாம்.

#15 நுண்கண்

வளர்ப்புகளை இன்றே பாதுகாத்துவிடுங்கள், குறிப்பாக 17. 42 தட்டு திறந்த அலமாரியில் இருந்தால் சிற்றுண்ணி நிச்சயம் வரும். தட்டில் வளைந்து வளைந்து பாக்டீரியாப் புள்ளிகள் வரிசையாக முளைத்திருந்தால், அது சிற்றுண்ணி நடந்த தடம். வித்தைக் காலில் சுமந்து ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும். ஒரே வாரத்தில் எல்லாம் கலப்பாகிவிடும். தடம் கண்ட தட்டைத் திறக்காமல் ஆட்டோகிளேவ் செய்யுங்கள், அலமாரியை 70 சத ஆல்கஹாலால் துடையுங்கள்.

சாய்வுக் குழாய் 4 டிகிரியில் மூன்று முதல் ஆறு மாதம் தாங்கும். அதோடு 6 மி.மீ. அகார் வட்டு ஐந்தாறை 2 மி.லி. கிருமிநீக்கிய நீரில் போட்டு இறுக மூடி வையுங்கள். செலவே இல்லாத முறை, பல பூஞ்சைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆழ்குளிர்பெட்டி இருந்தால் 15–20 சத கிளிசராலில் மைனஸ் 80. 17-இன் ஒரு பிரதியைப் புனே அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள தேசியப் பூஞ்சை வளர்ப்புத் தொகுப்புக்கு அனுப்பி எண் வாங்கினால், அந்த எண்ணை அட்டவணையிலேயே போடலாம்.

#16 ஈரமண்

அலமாரியைப் பார்த்தேன். 31, 32 இரண்டிலும் வளைந்த தடம் இருக்கிறது. இரண்டையும் திறக்காமல் ஆட்டோகிளேவில் வைத்துவிட்டேன். 17 நீரில் ஆறு குப்பி, சாய்வில் இரண்டு. மீதி எட்டு பென்சிலியத்துக்கு ஸ்லைடு இன்று போட்டிருக்கிறேன், நாளை மறுநாள் எடுக்க வேண்டும்.